தடுப்பவர்களின் கணக்கு

2025 ஜூலை 5 அன்று, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் இந்திய மகளிர் கால்பந்து அணி தாய்லாந்தை 2-1 என்ற கோல் கணக்கில் வென்றது. தகுதிச் சுற்றில் வென்று ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் தேர்வானது அதுவே முதல் முறை. இரு கோல்களையும் அடித்த சங்கீதா பாஸ்போர் கொண்டாடப்பட்டார், அது நியாயமானதே. ஆனால், அவருடைய இரண்டாவது கோல் 74ஆவது நிமிடத்தில் விழுந்தது. எஞ்சிய நேரம் முழுவதும், சொந்த மண்ணில் ஆடிய எதிரணியை மேலும் ஒரு கோல் அடிக்கவிடாமல் தடுத்தவர்களின் உழைப்பு எந்தக் கோல் பட்டியலிலும் ஏறவில்லை.

தடுப்பாட்டத்தின் இயல்பு அது. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பள்ளி மைதானத்தில் பந்தைத் தொடும் ஒரு சிறுமி தடுப்பாட்டக்காரராக விரும்பினால், இந்த இயல்பு அவருடைய வாழ்வாதாரத்தையே தீர்மானிக்கக்கூடும்.

ஆட்டங்களே ஆசான்: முன்கள வீராங்கனை ஒன்பது வாய்ப்புகளைத் தவறவிட்டுப் பத்தாவதில் கோல் அடித்தால் நாயகி ஆகிவிடுகிறார். தடுப்பாட்டக்காரர் ஒன்பது முறை தடுத்துப் பத்தாவது முறை தவறினால் தோல்விக்குக் காரணம் ஆகிறார். வேகமும் உடல் வலிமையும் மட்டும் இந்தப் பணிக்குப் போதா. எதிராளி பந்தை எங்கே அனுப்பப்போகிறார் என்பதை அவர் அனுப்பும் முன்பே கணிக்க வேண்டும். ஆஃப்சைடு பொறிக்காகப் பின்வரிசை நால்வரும் ஒரே நேரத்தில் முன்னேற வேண்டும். ஒருவர் ஓரடி பின்தங்கினாலும் பொறி உடைந்துவிடும். இத்தகைய கணிப்பும் ஒருங்கிணைப்பும் ஒரே கூட்டாளிகளுடன் பல ஆட்டங்கள் சேர்ந்து ஆடினால்தான் கைகூடும். ஒருவார காலப் போட்டியில் கோல் அடிக்கும் திறமையைக் கண்டுபிடித்துவிடலாம். தடுப்பாட்டத் திறமையை அறிய ஒரு பருவம் முழுவதும் பார்க்க வேண்டியிருக்கும்.

ஆஷாலதாவின் பயணம்: இம்பாலில் 1993இல் பிறந்த ஆஷாலதா தேவி இதற்குச் சிறந்த உதாரணம். தடுப்பாட்டக்காரரான அவர் இந்திய அணியின் தலைவராகவும் விளங்கியவர். மதுரையைச் சேர்ந்த சேது எஃப்சி அணியிலும் ஆடினார். 2019இல் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அந்த அணி மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தது. 2018-19ஆம் ஆண்டின் சிறந்த வீராங்கனையாக அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு ஆஷாலதாவைத் தேர்ந்தெடுத்தது. 2019ஆம் ஆண்டுக்கான ஆசியாவின் சிறந்த வீராங்கனை விருதின் இறுதிப் பட்டியலிலும் அவர் இடம்பெற்றார். அந்த விருதை வென்ற ஜப்பானின் சகி குமகாயும் தடுப்பாட்டக்காரர்தான். 2024 அக்டோபரில் காத்மாண்டுவில் பாகிஸ்தானுக்கு எதிராகக் களமிறங்கியபோது, நூறு சர்வதேச ஆட்டங்களில் ஆடிய முதல் இந்தியப் பெண் என்ற பெருமையை ஆஷாலதா அடைந்தார். அப்போது அவருக்கு வயது 31.

அந்த வயதை நாம் கவனிக்க வேண்டும். தடுப்பாட்டக்காரர் முதிர்ச்சி அடைவது பெரும்பாலும் இருபதுகளின் பிற்பகுதியில். நம் ஊர்களிலோ, பள்ளிப் படிப்போ கல்லூரிப் படிப்போ முடிந்ததும், வேலை அல்லது திருமணம் என்ற கேள்வியின் முன் பெரும்பாலான பெண்களின் ஆட்டம் நின்றுவிடுகிறது. முதிர்ச்சி வருவதற்கு முன்பே முடிந்துவிடும் பயணம் அது.

அருகிலேயே ஒரு பாடம்: விழுப்புரமும் திண்டிவனமும் 1993 வரை கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தவை. அந்தக் கடலூரிலிருந்துதான் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் வந்தார். பண்ருட்டிப் பகுதியிலிருந்து சந்தியா ரங்கநாதன் வந்தார். கடலூரின் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி 2017-18 இந்திய மகளிர் லீக்கின் இறுதிக் கட்டம்வரை முன்னேறியது. தமிழக அணி 2018இல் கட்டாக்கிலும் 2023இல் அமிர்தசரஸிலும் தேசிய சாம்பியன் ஆனது. விழுப்புரத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் இது சாத்தியமாகியிருக்கிறது. ஆனால், இந்த மண்ணிலிருந்து நாடறிந்த பெயர்களில் நடுக்களமும் முன்களமுமே முன்னால் நிற்கின்றன.

ஊதியமும் வேலையும்: இந்திய மகளிர் லீக் தொடக்க ஆண்டுகளில் சில வாரங்களில் முடிந்துவிடும் போட்டியாக இருந்தது. 2023-24 முதல் சொந்த ஊரிலும் எதிரணியின் ஊரிலும் ஆடும் முறை வந்தது. 2024-25இல் எட்டு அணிகளும் தலா 14 ஆட்டங்கள் ஆடின. ஒவ்வோர் அணியும் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுடன் ஒப்பந்தம் செய்ய வேண்டும், ஆண்டுக்குக் குறைந்தபட்சம் ரூ.3.2 லட்சம் தர வேண்டும் என்று கூட்டமைப்பு 2023இல் முடிவெடுத்தது. மாதத்துக்கு ஏறத்தாழ ரூ.26,600. குடும்பத்துக்குப் பதில் சொல்ல இது ஒரு தொடக்கம். ஆனால், முழங்கால் தசைநார்க் கிழிவு ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் நேர்கிறது. அதிலிருந்து மீண்டு களம் திரும்பப் பெரும்பாலும் ஒன்பது மாதங்களோ அதற்கு மேலோ ஆகும். ஓராண்டு ஒப்பந்தத்தில் ஆடுபவருக்கு அது ஒரு பருவத்தின் இழப்பு.

எனவேதான் அரசு வேலை முக்கியமாகிறது. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு உள்ளது. இந்துமதி காவல் உதவி ஆய்வாளராகப் பணியாற்றிக்கொண்டே நாட்டுக்காக ஆடியவர். வேலை இருந்தால் ஆட்டம் நீளும்; ஆட்டம் நீண்டால்தான் தடுப்பாட்டக்காரர் உருவாவார்.

தேவை தொடர் ஆட்டங்கள்: தோற்றால் வெளியேறும் முறையில் நடத்தப்படும் போட்டியில், பாதி அணிகள் ஒரே ஆட்டத்துடன் வீடு திரும்புகின்றன. விழுப்புரம், திண்டிவனம், செஞ்சி, விக்கிரவாண்டிப் பள்ளி, கல்லூரிகளிலிருந்து ஆறு அணிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் மற்றொன்றுடன் இருமுறை மோதும் லீக்கை நடத்தினால், ஒவ்வொரு சிறுமிக்கும் பத்து ஆட்டங்கள் கிடைக்கும். வார இறுதியில் மைதானம், போக்குவரத்துச் செலவு, நடுவர், முதலுதவி ஆகியவையே இதற்கான தேவைகள். தேர்வாளர்கள் கோல் பட்டியலுடன், யார் எத்தனை நிமிடங்கள் ஆடினார், அந்த நேரத்தில் அணி எத்தனை கோல்கள் வாங்கியது என்ற பதிவையும் பார்க்க வேண்டும். மாவட்டக் கால்பந்துக் கழகமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கல்லூரிகளும் இணைந்தால், இந்தக் கணக்கை அடுத்த பருவத்திலேயே எழுதத் தொடங்கிவிடலாம்.