கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் ராம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க் எவ்வளவு என்றெல்லாம் விசாரிப்பார்கள். அதைச் செருகப் போகும் பிளக் பாயிண்ட் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. சாப்ட்வேர் இன்ஜினியரான நானும் பார்க்கவில்லை!

கல்லிடைக்குறிச்சியில் இருக்கும் என் அத்தைக்கு, அப்பள வியாபாரக் கணக்கு எழுத ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே போன் வந்தது. "ஏலே, இந்தப் பெட்டியத் தொட்டா சுர்ருங்குது!" என்றார். கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறும் இல்லை. பக்கத்துப் பாபநாசத்தில் நீர்மின் நிலையம் 1944-இல் இயங்கத் தொடங்கியது. அந்தப் பக்கத்துக்கு மின்சாரம் புதிதல்ல. அத்தை வீட்டு வயரிங்கும் தாத்தா காலத்தது. சாக்கெட்டில் மூன்று துளைகள் இருந்தன. ஆனால் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் வயரே இல்லை. அதுதான் எர்த்.

ஏன் ஷாக் அடிக்கிறது?

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறிய கெபாசிட்டர்கள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினட்டுடன் இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அவற்றில் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேபினட்டில் 230 வோல்ட்டில் பாதி, அதாவது சுமார் 115 வோல்ட் நிற்கும். இந்தக் கசிவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவுதான். அதனால் 'சுர்' என்பதோடு நின்றுவிடும். ஆனால் பிரிண்டர், டிவி போன்றவற்றை இணைக்கும்போது போர்ட்டுகள் பழுதாகலாம்.

உண்மையான ஆபத்து வேறு. உள்ளே ஒரு ஃபேஸ் வயர் நைந்து கேபினட்டில் பட்டால், முழு 230 வோல்ட்டும் அதில் காத்திருக்கும். ஈரக் கையோடு தொடுபவர் உடல் வழியாகத்தான் அது மண்ணுக்குப் போகும்.

எப்படிச் சோதிப்பது?

இதை எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள். மல்டிமீட்டரில் ஃபேஸ்-நியூட்ரல் இடையே சுமார் 230 வோல்ட், ஃபேஸ்-எர்த் இடையே ஏறத்தாழ அதே அளவு, நியூட்ரல்-எர்த் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். மீட்டர் மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால், அரைகுறை எர்த்தும் இதில் தேறிவிடும். எனவே ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 100 வாட் குண்டு பல்பையும் எரியவிட்டுப் பார்ப்பார்கள். மங்கலாக எரிந்தால் எர்த் சரியில்லை.

செய்யக் கூடாதது

சிலர் செலவை மிச்சப்படுத்த, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்து விடுவார்கள். 'சுர்' நின்றுவிடும். ஆனால் என்றாவது நியூட்ரல் வயர் அறுந்தால் கேபினட் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

சரியான வழி

வீட்டருகே குழி தோண்டி, சுமார் இரண்டரை மீட்டர் நீள ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூட வேண்டும். அங்கிருந்து பச்சை வயர் சாக்கெட் வரை வர வேண்டும். கன்னடியன் கால்வாய் பாயும் ஊர்தானே, மண் ஈரமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் குழியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எர்த் மட்டும் போதாது. எர்த்தின் தடை 10 ஓம் என்றால், கோளாறின்போது 23 ஆம்பியர்தான் ஓடும்; 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாமல் போகலாம். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை மெயினில் போட்டால், கசிவு வந்த நொடியிலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மாதம் ஒருமுறை அதன் 'டெஸ்ட்' பட்டனை அழுத்திப் பாருங்கள்.

யு.பி.எஸ். வாங்கினால் எர்த் வேண்டாம் என்பது தவறு. யு.பி.எஸ்.ஸும் சுவரிலிருந்து வரும் எர்த்தைத்தான் கம்ப்யூட்டருக்குக் கடத்துகிறது. இரண்டு பின் அடாப்டர் மாட்டினால் அந்த வழியும் அடைபட்டுவிடும். ஐப்பசி இடி மின்னலின்போது பிளக்கையும் பிராட்பேண்ட் வயரையும் கழற்றி விடுங்கள்.

அத்தை வீட்டில் இப்போது பச்சை வயர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன் எலக்ட்ரீஷியனை ஒருமுறை வீட்டுக்கு அழையுங்கள். நான் அதைத்தான் செய்யத் தவறினேன்.