பக்கத்துத் தொழிற்சாலைக்கு ஓர் இமெயில்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பிள்ளைகள் கேம்ஸ் விளையாடியாயிற்று. பழைய போட்டோக்களையும் போல்டர் போல்டராகப் பிரித்து வைத்தாயிற்று. "இதை வைத்து நம் தொழிலுக்கு ஏதாவது செய்ய முடியாதா?" என்ற கேள்வி அடுத்து வரும். முடியும். உங்கள் ஊரிலேயே இருக்கும் நிறுவனங்களைத் தேடிப் பிடித்து, இமெயில் மூலம் ஆர்டர் கேட்கலாம். எப்படி என்று புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் சேதராப்பட்டை வைத்துப் பார்ப்போம்.

கம்ப்யூட்டர் பிரியர்களுக்கு சேதராப்பட்டு அந்நிய ஊர் அல்ல. எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் தொழிற்சாலை இங்கேதான் இயங்கியது. பிப்டிக் என்னும் அரசு நிறுவனத்தின் தொழிற்பேட்டையும் இங்கே உள்ளது.

வீட்டில் இரண்டு தையல் மெஷின்கள் போட்டு, தொழிலாளர்களுக்கான ஏப்ரன், யூனிபார்ம் தைத்துக் கொடுக்கும் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். தொழிற்பேட்டை அவருக்கு சைக்கிள் தூரம்தான். ஆனால் கேட்டில் செக்யூரிட்டியைத் தாண்ட முடியவில்லை. "மெயில் போடுங்க" என்று சொல்லி அனுப்பி விடுகிறார்கள். யாருக்கு, எந்த முகவரிக்குப் போடுவது?

விலைக்கு வரும் பட்டியல் வேண்டாம்

"ஐயாயிரம் கம்பெனிகளின் இமெயில் முகவரிகள், ஒரே சி.டி.யில்" என்று முன்பு விற்றார்கள். இப்போது அதையே எக்ஸெல் பைலாக விற்கிறார்கள். வாங்காதீர்கள். முதல் காரணம், இவற்றில் பழைய சரக்கு அதிகம். எச்.சி.எல். இன்போசிஸ்டம்ஸ் 2013-ல் கம்ப்யூட்டர் தயாரிப்பிலிருந்து விலக முடிவு செய்தது. அதற்கு முன் தயாரான பட்டியலை நம்பினால், இல்லாத பிரிவுக்கு மெயில் போய்க் கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் ஸ்பாம். 1978 மே மாதத்தில் அமெரிக்காவின் டி.இ.சி. கம்ப்யூட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த கேரி துர்க், சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பர மெயிலை அனுப்பினார். உலகின் முதல் ஸ்பாம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்றே கடும் எதிர்ப்பு எழுந்தது. இன்று மெயிலைப் பெறுபவர் திட்டுவதில்லை. "ஸ்பாம்" பட்டனை அழுத்திவிடுகிறார். பலர் அப்படிச் செய்தால், பிறகு உங்கள் பழைய வாடிக்கையாளருக்கு அனுப்பும் பில் கூட அவருடைய ஸ்பாம் போல்டரில் போய் விழலாம். இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முயன்றால், அனுப்பும் வசதியே தற்காலிகமாக நிறுத்தப்படும்.

மூன்றாவது காரணம் சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தனி மனிதர்களின் முகவரிகளை வாங்குவதும் விற்பதும் இனி வம்பு.

கேட்டிலேயே இருக்கிறது துப்பு

ஒரு நாள் காலையில் நோட்டும் பேனாவுமாகத் தொழிற்பேட்டையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற ஒவ்வொரு நிறுவனமும் தன் 15 இலக்க எண்ணை வாசலில் உள்ள பெயர்ப் பலகையில் காட்ட வேண்டும் என்பது விதி. அதைக் குறித்துக் கொள்ளுங்கள். அந்த எண் பல விஷயங்களைச் சொல்லும்.

முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். 34 என்றால் புதுச்சேரி. 33 என்றால் தமிழ்நாடு. சேதராப்பட்டை ஒட்டியே தமிழ்நாட்டு எல்லை இருப்பதால் இது முக்கியம். புதுச்சேரியில் இருக்கும் நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் சப்ளை செய்தால், அது வெளிமாநில விற்பனை. பில் போடும் விதமே மாறும்.

ஆறாவது எழுத்தையும் பாருங்கள். "சி" என்றால் கம்பெனி. "எப்" என்றால் பங்குதாரர் நிறுவனம். "பி" என்றால் தனி ஒருவருக்குச் சொந்தமானது. "பி" என்றால் முதலாளிக்கே எழுதலாம். "சி" என்றால் பர்ச்சேஸ் பிரிவுக்கு எழுத வேண்டும்.

வீட்டுக்கு வந்து ஜி.எஸ்.டி. வெப்சைட்டில் "சர்ச் டேக்ஸ்பேயர்" என்ற பகுதியைத் திறந்து, எண்ணை டைப் செய்யுங்கள். லாகின் தேவையில்லை. நிறுவனத்தின் சட்டப்படியான பெயர், முகவரி, பதிவு செயல்பாட்டில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்ற விவரங்கள் கிடைக்கும். ரத்தானவற்றை அடித்து விடுங்கள்.

பெயரிலிருந்து இமெயிலுக்கு

இந்தப் பெயரைக் கூகுளில் தேடுங்கள். கூடவே 605111 என்ற பின்கோடையும் சேர்த்துக் கொள்ளுங்கள். சேதராப்பட்டு என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். பின்கோடுக்கு அந்தக் குழப்பம் இல்லை. நிறுவனத்தின் வெப்சைட் கிடைத்தால் "கான்டாக்ட்" பக்கத்தைக் கிளிக் செய்யுங்கள்.

வெப்சைட் கிடைக்கவில்லையா? அங்கே ஏற்கனவே சப்ளை செய்யும் நண்பரிடம் ஒரு பில்லைக் காட்டச் சொல்லுங்கள். 2013 கம்பெனிகள் சட்டப்படி, கம்பெனிகள் தங்கள் பில்லிலும் லெட்டர்ஹெட்டிலும் போன் நம்பரையும், இமெயில் முகவரி இருந்தால் அதையும் அச்சிட வேண்டும். பாக்கெட் பொருள் தயாரிப்பவர் என்றால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். நுகர்வோர் புகாருக்கான முகவரி லேபிளில் இருக்கும். அந்தப் புகார் முகவரிக்கு ஆர்டர் கேட்டு எழுதாதீர்கள். @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரை மட்டும் பிரவுசரில் டைப் செய்தால், பல சமயம் நிறுவனத்தின் வெப்சைட்டே திறக்கும்.

கிடைத்ததையெல்லாம் எக்ஸெல்லில் ஏற்றுங்கள். நிறுவனம், தயாரிக்கும் பொருள், யாருக்கு எழுத வேண்டும், இமெயில், அனுப்பிய தேதி, பதில் என்று ஆறு காலம் போதும். இருபது பெயர் சேர்ந்தாலே நல்ல ஆரம்பம்.

என்ன எழுதுவது?

சப்ஜெக்ட் கட்டத்தில் "வணக்கம்" என்றோ "பிசினஸ்" என்றோ போடாதீர்கள். விஷயத்தைப் போடுங்கள்: "சேதராப்பட்டிலிருந்து ஏப்ரன் சப்ளை - சாம்பிள் காட்ட அனுமதி வேண்டி". கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய பர்ச்சேஸ் மேனேஜர் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் தொழிற்சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் ஏப்ரன், யூனிபார்ம் தைத்துக் கொடுத்து வருகிறேன். 50 உருப்படி கொண்ட சிறிய ஆர்டரும் எடுத்துக் கொள்கிறேன். அளவு சரியில்லாவிட்டால் மறுநாளே மாற்றித் தருகிறேன். சாம்பிள் காட்டப் பத்து நிமிடம் ஒதுக்க முடியுமா? இதை வேறு ஒருவர் கவனிப்பதாக இருந்தால் அவருக்கு அனுப்பி வைக்க வேண்டுகிறேன். தேவையில்லை என்றால் ஒரு வரி பதில் போதும். மீண்டும் தொந்தரவு செய்ய மாட்டேன்."

கீழே பெயர், முகவரி, போன் நம்பர். அவ்வளவுதான். "இரண்டு கிலோமீட்டர்", "மறுநாளே" என்ற இரண்டு வார்த்தைகள்தான் இங்கே உங்கள் பலம். திருப்பூரிலிருந்து அனுப்பும் பெரிய நிறுவனத்தால் இதைச் சொல்ல முடியாது. தமிழ் தெரியாத மேனேஜர் என்றால் இதையே எளிய ஆங்கிலத்தில் எழுதலாம்.

அனுப்பும் முன்

இருபது முகவரிகளையும் "டூ" கட்டத்தில் வரிசையாகப் போட்டு அனுப்பாதீர்கள். ஒருவர் முகவரி மற்ற எல்லோருக்கும் தெரியும்; எல்லோருக்கும் போன கடிதம் என்பதும் தெரிந்துவிடும். பி.சி.சி. கட்டத்தில் போட்டால் முகவரி மறையும். ஆனால் பொதுக் கடிதம் பொதுக் கடிதம்தான். ஒவ்வொன்றாக, அந்த நிறுவனம் என்ன தயாரிக்கிறது என்பதை ஒரு வரியில் சேர்த்து அனுப்புங்கள். ஒரு நாளைக்கு ஐந்து போதும். போட்டோ ஒன்றே ஒன்று, அளவு குறைத்து அட்டாச் செய்யுங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு முறை போன் செய்து, "மெயில் கிடைத்ததா?" என்று கேளுங்கள்.

பதில் வந்தால்...

மகிழ்ச்சியில் அவசரப்பட வேண்டாம். "சப்ளையராகப் பதிவு செய்ய முதலில் டெபாசிட் கட்டுங்கள்" என்று பதில் வந்தால் மோசடியாக இருக்கலாம். வந்த மெயிலின் முகவரி நிறுவனத்தின் வெப்சைட்டோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். சைக்கிள் தூரம்தானே, நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் செய்யுங்கள்.

உண்மையான ஆர்டர் என்றால் ரேட், எண்ணிக்கை, டெலிவரி தேதி, பணம் தரும் நாள் எல்லாவற்றையும் மெயிலிலேயே எழுதி வாங்குங்கள். உத்யம் பதிவையும் செய்துவிடுங்கள், அது இலவசம். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ம் ஆண்டுச் சட்டம். பணம் இழுத்தடிக்கப்பட்டால், போனில் பேசிய வார்த்தையை விட அந்த மெயில்தான் உங்களுக்குச் சாட்சி. அதை அழித்துவிடாமல் தனி போல்டரில் வையுங்கள்.

இந்த வாரமே உங்கள் ஊர்த் தொழிற்பேட்டையை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். முதல் ஐந்து மெயில்களை அனுப்பிப் பாருங்கள்!