கடலாமை காக்கும் கரங்கள்

சேரன்மகாதேவியில் வாழும் நமக்குக் கடல் கண்ணுக்கு எட்டாத பொருள். ஆயினும் நம் ஊர்ப் படித்துறையைத் தொட்டு ஓடும் தாமிரபரணி, திருநெல்வேலியைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம் அணையில் தேங்கியது போக மிஞ்சிய நீரோடு புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அக்கடலோர ஊர்களிலிருந்து வந்து நம்முடன் படிக்கும் தோழியரைக் கேட்டுப் பாருங்கள். பங்குனி ஆமை என்றவுடன் அவர்கள் முகம் மலரும்.

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. பேராமை, அழுங்காமை, பெருந்தலை ஆமை, ஏழுவரி ஆமை, பங்குனி ஆமை என்பன அவை. பங்குனி ஆமை உருவில் சிறியது. பங்குனியை ஒட்டிய மாதங்களில் முட்டையிடக் கரையேறுவதால் மீனவர் இட்ட பெயர் அது. காலண்டரைப் பார்த்து வருகிறதோ என்று வியக்கும்படி ஆண்டுதோறும் வருகிறது! இரவில் கரையேறி, பின்கால்களால் ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நூறு முட்டைகளுக்கு மேல் இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். பிறகு அந்தத் தாய் தன் குஞ்சுகளைக் காண்பதே இல்லை. நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து நாட்களில் குஞ்சுகள் தாமே மணலைக் கிளறிக்கொண்டு வெளிவருகின்றன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்று வளர்ந்து பெரிதானாலே மிகுதி என்கிறார்கள்.

ஒரு காலத்தில் தூத்துக்குடியில் ஆமை இறைச்சி வெளிப்படையாக விற்கப்பட்டது. நோய் தீரும் என்று நம்பி ஆமையின் இரத்தத்தைக் குடித்தவர்களும் இருந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்து, கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பிறகே அந்த வியாபாரம் ஒடுங்கியது. சட்டம் சந்தையைத் தடுத்தது. ஆனால் இருட்டில் கிடக்கும் ஒரு முட்டைக் குழிக்குச் சட்டம் எப்படிக் காவல் நிற்கும்? அதற்கு ஆட்கள் வேண்டும். அப்படிப்பட்ட ஆட்கள் நம் மாநிலத்தில் முதலில் புறப்பட்டது சென்னைக் கடற்கரையில்.

1970-களின் தொடக்கத்தில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்கள் சிலரும் இரவில் கடற்கரையோரமாக நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட மணல்பரப்பில் புதைத்துக் காத்தார்கள். அவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். கிண்டியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் படிக்க வந்தவரைக் கடல் இழுத்துக்கொண்டது. பெற்றோர்கள் இதைக் கேட்டு மனம் பதற வேண்டாம்! நம் நாட்டின் கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் நடந்து, எங்கெங்கே எந்த ஆமை முட்டையிடுகிறது என்று முதன்முதலாகக் கணக்கெடுத்தவர் அவர்தாம். 1982-இல் பேராமைகளை ஆராய்வதற்காக லட்சத்தீவுக் கூட்டத்தில் ஆளில்லாத சுஹேலித் தீவில், படகுகள் வராத மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியே தங்கினார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தை ஒரு புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அது இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைக்க, அந்த நல்ல மனிதர் அதைத் தபாலில் அனுப்பி வைத்தார். பாஸ்கர் 2023-இல் காலமானார். அவர் பெயரைச் சென்னையிலேயே பலர் அறியார் என்பது வருத்தத்துக்குரியது.

பாம்புப் பண்ணையார் தொடங்கியதை மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பின்னர் வனத்துறையும் சில ஆண்டுகள் தொடர்ந்தன. அரசுப் பொரிப்பகங்கள் நின்றபோது, யார் நடப்பது என்ற கேள்வி எழுந்தது. 1988-இல் சில மாணவர்கள் முன்வந்தார்கள். மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. அவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்காலத்தில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, கடலாமை ஆராய்ச்சியில் பெயர் பெற்றார்.

அவர்கள் செய்யும் வேலையைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவுக்குச் சற்று முன் நீலாங்கரையில் கூடி, பெசன்ட் நகர் வரை ஏழு கிலோமீட்டர் மணலில் நடப்பார்கள். டார்ச் விளக்கு அடிப்பதில்லை, கூச்சலும் இல்லை. ஆமை ஊர்ந்த தடம் தெரிந்தால், குழி இருக்கும் இடத்தை ஒரு குச்சியால் மெல்லத் தடவிப் பார்த்து, கையாலேயே தோண்டி, முட்டைகளை எண்ணித் துணிப்பையில் இடுவார்கள். குழியின் ஆழம், அகலம் எல்லாவற்றையும் அளந்து குறித்துக்கொள்வார்கள். ஏனெனில் பொரிப்பகத்தில் தோண்டும் குழி தாய் தோண்டியதைப் போலவே இருக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் முட்டைகளை மாற்றிவிடவும் வேண்டும். கரு முட்டையோட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டை புரண்டால் கரு இறந்துவிடும். மணலின் வெப்பத்துக்கும் கணக்கு உண்டு. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கின்றன. முட்டைகளை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். நாய்கள் தோண்டித் தின்னும், திருடர்கள் எடுப்பார்கள். தப்பிப் பொரிக்கும் குஞ்சுகளோ கடலின் மங்கிய ஒளியை நோக்கிப் போகாமல், தெருவிளக்கை நோக்கிப் போய் மடியும்.

இந்த அமைப்பின் தலைவர் யார் என்று கேட்டால் சட்டென்று விடை கிடைக்காது. இங்கே சம்பளம் என்பதே இல்லை. மாணவர்கள் வருகிறார்கள், இரண்டு மூன்று பருவம் நடக்கிறார்கள், படிப்பு முடிந்ததும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு வருபவருக்குத் தடம் பார்க்கக் கற்றுத் தர எவரேனும் இருந்தாக வேண்டும். பல ஆண்டுகளாக அவ்வாறு இருந்து வருபவர்கள் வி. அருண், அகிலா பாலு ஆகிய இருவரும். ஒருங்கிணைப்பாளர்கள் என்று மட்டுமே அவர்களைச் சொல்கிறார்கள். ஒரு பெண் குஞ்சு வளர்ந்து தானே முட்டையிடப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்று குஞ்சை விட்ட மாணவர் அது திரும்பி வரும்போது எந்த ஊரில் இருப்பாரோ! ஆகவே, முன்னே நின்று கைதட்டு வாங்குபவரைக் காட்டிலும், வந்தவருக்குக் கற்றுக்கொடுத்து வேலையை ஒப்படைக்கத் தெரிந்தவரே இதற்குத் தலைவராக முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேறு வழியில் சென்றவர் சுப்ரஜா தாரிணி. ஜேன் குட்டால் அம்மையாரிடம் ஊக்கம் பெற்ற இவர், 2002-இல் சென்னையில் ட்ரீ பவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்துப் படித்தவர்கள் நடந்தால் போதாது, கடலை நாள்தோறும் காணும் மீனவ இளைஞர்களே காவலர்களாக வேண்டும் என்பது இவர் வகுத்த வழி. ஊர் ஊராகச் சென்று அவர்களைச் சேர்த்து, பயிற்சியளித்து, ஊக்கத்தொகையும் கொடுத்து ஒரு கடலாமைப் பாதுகாப்புப் படையையே அமைத்தார். அடிபட்ட ஆமைகளுக்குச் சிகிச்சையும் நடக்கிறது. மீனவக் குடும்பத்தின் வயிற்றுப்பாட்டை எண்ணிப் பார்த்தால், பணம் கொடுப்பதில் தவறே இல்லை. இரண்டு வழிகளும் வேண்டும்.

இத்தனை உழைப்புக்கும் அடி விழுந்தது 2025 ஜனவரியில். சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நம்மைப் போல் காற்றைச் சுவாசிக்கும் உயிர். இழுவை மடியில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறி இறந்துவிடும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆமை தப்பிச் செல்ல மடியில் பொருத்தும் கம்பிச் சட்டமும் உண்டு. ஆனால் அதைப் பொருத்தினால் மீனும் நழுவிவிடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். முட்டைகளை எண்ண நடந்தவர்கள் அந்த மாதம் உடல்களை எண்ணினார்கள். தாய் ஆமையே மடியில் மாளும்போது பொரிப்பகம் மட்டும் என்ன செய்ய முடியும்? வனத்துறை, மீன்வளத்துறை, கடலோரக் காவல்படை மூன்றையும் கடலுக்குள் கண்காணிக்கச் செய்ய வேண்டியதாயிற்று.

ஆற்றுவழியே போகும் பிளாஸ்டிக் பையும் ஆமைக்குப் பகையே. நீரில் மிதக்கும் பையைச் சொறிமீன் என்று எண்ணி அது விழுங்கிவிடுகிறது. நம் ஊர்ப் படித்துறையில் துணி துவைத்துவிட்டு எறியும் சோப்புத்தூள் உறையும் புன்னைக்காயல் வரை போகும்.

ஆமை நடைக்குரிய மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரை. அவை நமக்குத் தேர்வுக் காலம் ஆதலால் நள்ளிரவு நடைக்கு வீட்டில் அனுமதி கிடைப்பது அரிது. ஏப்ரலில் குஞ்சுகள் பொரிக்கும். விடுமுறைக்குச் சென்னையிலுள்ள அத்தை, சித்தி வீட்டுக்குச் செல்வோர் மாலை ஆறு மணியளவில் பெசன்ட் நகர்க் கடற்கரையில் பொரிப்பகத்தின் அருகே நின்றால் குஞ்சுகளை விடுவதைக் காணலாம். கையில் எடுக்க விடமாட்டார்கள். கயிற்றுக்கு அப்பால் அமைதியாக நின்று, உள்ளங்கையளவு கூட இல்லாத கரிய குஞ்சுகள் அலையைத் தேடி ஊர்ந்து போவதைப் பார்க்கலாம்.