கப்பல் வரைதலும் கணிப்பொறியும்

சுவீடன் தேசத்து மன்னர் குஸ்தாவ் அடோல்ப் என்பார் 'வாசா' என்னும் பெரும் போர்க்கப்பலொன்றைக் கட்டுவித்தார். புறப்படுமுன் 30 பேரைத் தளத்தின் குறுக்கே ஓடவிட்டுச் சோதித்தனர். கப்பல் அஞ்சத்தக்கவாறு ஆடியது. சோதனையை நிறுத்தினர், பிரயாணத்தை நிறுத்தினாரல்லர். 1628-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் தேதி ஸ்டாக்ஹோம் துறையினின்றும் புறப்பட்ட அக்கப்பல், சுமார் 1,300 மீட்டர் செல்வதற்குள் காற்றினாற் சாய்ந்து, பீரங்கி வாயில்களின் வழியே நீர் புக, மூழ்கியது. பகைவரும் இல்லை, புயலும் இல்லை. கணக்கின்மையே அதனைக் கவிழ்த்தது.

மிதப்பது வேறு, நிமிர்ந்து மிதப்பது வேறு. கப்பலின் பாரமெல்லாம் ஒரு புள்ளியினின்று கீழ்நோக்கி இழுக்கின்றது. நீரின் தாங்கும் விசையோ மற்றொரு புள்ளியினின்று மேல்நோக்கித் தள்ளுகின்றது. கப்பல் சற்றே சாயுங்கால், அமிழ்ந்த பாகத்தின் வடிவம் மாறுவதால், தாங்கும் புள்ளி சாய்ந்த பக்கமாக நகரும். அதனின்று நேர் மேலே செல்லும் கோடு கப்பலின் நடுக்கோட்டைச் சந்திக்கும் இடத்திற்குப் பிரெஞ்சு அறிஞராகிய பூகேர், 1746-ல் வெளியிட்ட நூலில், 'மெட்டாசென்டர்' எனப் பெயரிட்டார். அது பாரமையத்திற்கு மேலிருப்பின் கப்பல் நிமிரும். கீழிருப்பின் நிமிர்ந்து நில்லாது.

இதனைக் கணிப்பது எளிதன்று. வாழைக்காயைச் சீவுவதுபோலக் கப்பலுடலைக் குறுக்கே பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பையும் கண்டு, சிம்ப்ஸன் விதியாற் கூட்டல் வேண்டும். ஒவ்வொரு சாய்வுக்கும் மீண்டும் அவ்வாறே செய்தல் வேண்டும். வளைகோடுகளை வரைவதற்கோ மெல்லிய மரச் சட்டத்தை வளைத்து, ஈயக் கட்டிகளால் அமுக்கிப் பிடிப்பர். ஒரு கோட்டை மாற்றினால் கணக்கு முழுவதையும் திரும்பத் தொடங்க நேரும்.

இத்தொல்லையையே கணிப்பொறி நீக்கியது. அம்மரச் சட்டத்தின் பெயராகிய 'ஸ்ப்லைன்' என்பதே அதனைப் பின்பற்றிய கணித வளைகோட்டிற்கும் பெயராயிற்று. பின்லாந்தில் தோன்றிய நாப்பா, ஆஸ்திரேலியாவில் தோன்றிய மாக்ஸ்சர்ஃப் முதலிய மென்பொருள்களில், திரையில் ஒரு புள்ளியை நகர்த்தினால் கப்பலுடலின் வடிவம் மாறும். விலக்கும் நீரின் அளவும், நிமிரும் வலிமையும் சில நொடிகளிற் புதிதாகக் கணிக்கப்படும். பாய்ப்படகு அமைப்போர் அடிக்கட்டையில் எவ்வளவு ஈயம் வைப்பதென்பதையும் இவ்வாறே பலமுறை மாற்றிப் பார்க்கின்றனர்.

எனினும் யந்திரம், நாம் கொடுத்த எண்ணையே நம்பும். பொய்யெண் கொடுப்பின் பொய்விடையே தரும். 1870-ல் 'காப்டன்' என்னும் ஆங்கிலப் போர்க்கப்பல் கவிழ்ந்து ஏறக்குறைய 480 பேர் மாண்டனர். அதனைத் திட்டமிட்ட கோல்ஸ் என்பவரும் அவருள் ஒருவர். கட்டும்போது பாரம் மிகுந்தமையால், நீருக்கு மேல் 8 அடி நிற்கவேண்டிய தளவிளிம்பு சுமார் 6½ அடியே நின்றது. வரைபடம் கூறிய கப்பல் வேறு, கடலில் நின்ற கப்பல் வேறு.

ஆகவேதான், இன்றும் கட்டி முடித்த கப்பலின் தளத்தில் அளவறிந்த எடைகளைக் குறுக்கே நகர்த்தி, தொங்கும் குண்டுநூலால் சாய்வை அளந்து, மெய்யான பாரமையத்தைக் காண்கின்றனர். வாசாவில் 30 பேர் ஓடிக் காட்டியதும் ஏறக்குறைய இதுவே. அன்று சோதனை உண்மையைச் சொல்லிற்று, கேட்பார்தாம் இல்லை. விரைந்து கணிக்க யந்திரம் உண்டு. விடையைக் கேட்டு நடக்கும் துணிவு மனிதனிடமே உண்டாதல் வேண்டும்.