கரும்பலகை தெரியாத பிள்ளை

வகுப்பில் அடுத்தவரின் கொப்பியைப் பார்த்தெழுதும் பிள்ளையை மொக்கு என்கிறோம். படிப்பு ஏறாதென்று தோட்டத்துக்கும் இறக்கிவிடுகிறோம். குறை புத்தியில் அல்ல, கண்ணில் இருக்கலாம்.

உடல் வளரும் பருவத்தில் சிலருக்குக் கண்கோளம் அளவுக்கு மிஞ்சி நீளும். அப்போது தூரத்து எழுத்து மங்கும். இதுவே குறும்பார்வை. மெல்ல மெல்ல வருவதால் பிள்ளைக்கே தெரியாது.

1990 இலும் 1995 இலும் இடம்பெயர்ந்த நம் பிள்ளைகள் பாடசாலை மாறிமாறிப் படித்தனர். முன்பு நன்றாகப் படித்த பிள்ளை என்பதைப் புதிய ஆசிரியர் எப்படி அறிவார்? இன்றும் பாடசாலை மாறும் பிள்ளையைப் பெற்றோரே கவனிக்கவேண்டும்.

20 அடி தூரத்தில் கலண்டரைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி வாசிக்கச் சொல்லுங்கள். மற்றப் பிள்ளைகள் வாசிப்பதை இவர் வாசிக்காவிட்டால், அளவெட்டிக்கு அண்மையிலுள்ள தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் காட்டுங்கள். கண்ணாடி போட்டால் பார்வை இன்னும் குறையும் என்பது வீண்பயம். பெண்பிள்ளையாயிற்றே என்றும் தயங்கவேண்டாம்.