90 சதவீதம் என்னும் மயக்கம்

உலக மனநல தினமாகிய அக்டோபர் 10 நெருங்குவதையொட்டி வந்து குவிந்திருக்கும் வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை, செரோட்டோனினில் 90 சதவீதம் குடலிலேயே உற்பத்தியாகிறது என்னும் விளம்பர வாசகத்தைச் சுட்டி, அப்படியாயின் மனச்சோர்வுக்குரிய மாத்திரையை விட்டுப் புரோபயாட்டிக் பானத்தைப் பருகலாகாதா என்று வினவுகின்றன.

விளம்பரம் பொய் சொல்லவில்லை. மெய்யில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறது. குடலில் விளையும் செரோட்டோனின், ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டுவதில்லை. தாண்டுவது அதன் மூலப்பொருளாகிய டிரிப்டோஃபேன். அதைக் கொண்டு மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. டிரிப்டோஃபேனில் மிகப் பெரும் பங்கு எப்போதுமே கைனுரெனின் என்னும் வேறொரு மார்க்கத்தில் சென்றுவிடுகிறது. சரீரத்தில் அழற்சி மூளும்போது ஐ.டி.ஓ. என்ற நொதி, கிளை வாய்க்காலின் மதகை இன்னும் உயர்த்திவிடுவதுபோல், அந்தப் பங்கைப் பெருக்குகிறது. அம்மார்க்கத்தில் தோன்றும் குவினோலினிக் அமிலம் மிஞ்சினால் நரம்புச் செல்களைச் சேதப்படுத்தவல்லது. ஆயினும் மைட்டோகாண்ட்ரியா சக்தி உண்டாக்க இன்றியமையாத என்.ஏ.டி. என்னும் துணைநொதியும் அதே அமிலத்திலிருந்து பிறப்பதால், உடலெடையில் 2 சதவீதமேயாயினும் உடலின் சக்தியில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கும் மூளையை உத்தேசித்துப் பார்க்கையில், அந்தப் போக்கை வெறும் விரயமென்று தள்ளிவிடவும் இயலவில்லை.

நுண்ணுயிர்கள் புகுவது இந்த மதகினருகேதான். உணவிலுள்ள நாரிலிருந்து அவை ஆக்கித்தரும் பியூட்டிரேட், பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ 70 சதவீதத்தை அளிக்கிறது. அது குறைந்து சுவர் தளருமாயின் அழற்சி கிளம்பும், டிரிப்டோஃபேன் திசைமாறும் என்பது வாதம். கணு கணுவாக மனிதரிடத்தில் நிரூபிக்கப்பட்ட சங்கிலி அன்று அது. 2011இல் சுண்டெலிகளின் பதற்றத்தைத் தணித்ததாக அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் கண்ட லாக்டோபேசில்லஸ் வகையொன்று, 2017இல் ஆரோக்கியமான ஆண்களிடம் சோதிக்கப்பட்டபோது, மருந்தற்ற போலி மாத்திரையைவிட மேலான பயன் எதையும் தரவில்லை.

மனச்சோர்வுள்ளோரின் குடலில் வேற்றுமை உண்டா? பெல்ஜியத்தில் 1,054 பேரை ஆராய்ந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, காப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர் ஆகிய நுண்ணுயிர்கள் குறைந்திருந்ததைக் காட்டிற்று. காரணமா, விளைவா என்பதைக் காட்டவில்லை.

மோரும் பழைய சோறும்? தாராளமாக உண்ணலாம், மருந்தென்று எண்ணி உண்ண வேண்டாம்.

மாத்திரை? மருத்துவரைக் கேளாமல் நிறுத்தலாகாது.

அவசர உதவிக்கு? அரசின் டெலி-மனஸ், 14416.