பயணிக்கு ஏற்ற பறவை நூல்

பறவைகளுக்குப் பெயரிடுவதில் தமிழர் எக்காலத்தும் வறுமையுற்றவரல்லர். அன்றில், மகன்றில், கணந்துள், குருகு, நாரை, சிரல் எனப் புள்ளினங்கள் பல சங்கச் செய்யுள்களிலே பேசப்படுகின்றன. அவற்றின் குரலையும் இயல்பையும் புலவர் நன்கறிந்தே பாடினர். ஆயினும், அன்றில் எனப்பட்டது இன்று நாம் காணும் பறவைகளுள் யாது என வினவின் அறிஞரிடையே ஒருமித்த விடை இல்லை. அரிவாள்மூக்கன் வகையே அது என்பார் ஒரு சாரார். பெருங்கொக்கு வகை என்பார் மற்றொரு சாரார். பெயர் நமக்குக் கிடைத்தது. அப்பெயருக்குரிய உருவம் கிடைத்திலது. இரண்டையும் பிரியாவண்ணம் சேர்த்துவைக்கும் நூல் அக்காலத்தில் எழாமையே இதற்குக் காரணமாகும். அத்தகைய நூலையே இக்காலத்தார் பறவைக் கைந்நூல் என்கின்றனர்.

நம் பழைய மாணவர் தொழிலின் பொருட்டும் உறவினரைக் காணும்பொருட்டும் ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் செல்கின்றனர். அவருட் பறவை நோக்குவதில் விருப்புடையோர் புறப்படுமுன் எந்நூலை வாங்குவது என்று மயங்குதல் இயல்பே. அம்மயக்கத்தை நீக்குதற்குச் சில முறைகளை ஈண்டு எடுத்துரைப்போம்.

கைந்நூலின் வரலாறு நீண்டதன்று. முன்னாளிற் பறவையியலார் பறவையைச் சுட்டு வீழ்த்திக் கையில் வைத்தே அதன் இனத்தை நிச்சயித்தனர். 1934ஆம் ஆண்டில் அமெரிக்கரான றொஜர் ற்றோறி பீற்றர்சன் வெளியிட்ட நூல் அவ்வழக்கத்தை மாற்றியது. ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில் வரைந்து, ஒன்றை மற்றொன்றினின்று வேறுபடுத்தும் அடையாளத்தைச் சிறு கோட்டினாற் சுட்டிக்காட்டினார் அவர். தொலைவில் நின்றே இனம் அறிதல் எல்லார்க்கும் எளிதாயிற்று. இந்தியாவிலே சலிம் அலி தமது 'இந்தியப் பறவைகள்' நூலை 1941இல் வெளியிட்டார். பறவையின் பருமனைச் சிட்டுக்குருவி, மைனா, காகம் முதலிய பழகிய பறவைகளோடு ஒப்பிட்டுக் கூறியமை அந்நூலின் தனிச்சிறப்பு. இலங்கைக்கு அத்தகைய நூலை 1955இல் அளித்தவர் கொழும்பு நூதனசாலையிற் பணியாற்றிய ஜீ. எம். ஹென்றி. படங்களையும் அவரே வரைந்தார்.

நூலைத் தேரும்போது முதற்கண் ஆராயவேண்டியது அது எந்நிலத்துக்கு எழுதப்பட்டது என்பதே. அரசியல் எல்லையும் பறவை எல்லையும் ஒன்றல்ல. நம் முன்னோர் பலர் அரசாங்க உத்தியோகத்துக்கும் புகையிரதப் பகுதிக்கும் சென்ற மலாயாவை எடுத்துக்கொள்வோம். மலேசியா ஒரு நாடே. ஆயினும் பறவை நோக்குவார்க்கு அது இரண்டு நாடு. கோலாலம்பூருக்குச் செல்வோர்க்குக் கிறெய்க் றொப்சன் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தென்கிழக்காசிய நூல் உதவும். அது பர்மா, தாய்லாந்து, இந்தோசீனம், மலாய்த் தீபகற்பம், சிங்கப்பூர் ஆகியவற்றை அடக்கும். அந்நூலோடு சபாவுக்கோ சரவாக்கிற்கோ செல்வோர் இடர்ப்படுவர். அவை போர்னியோத் தீவில் உள்ளன. போர்னியோவுக்கு மட்டும் உரிய பறவைகள் பல அந்நூலில் இரா.

இந்தோனேசியாவின் நிலை இதனினும் நுட்பமானது. பாலித் தீவுக்கும் லொம்பொக் தீவுக்கும் இடையே ஒடுங்கிய கடல் ஒன்று உண்டு. அதன் மேற்கே மரங்கொத்திகளும் குக்குறுவான்களும் நிறைந்த ஆசியப் புள்ளினங்கள் வாழ்கின்றன. கிழக்கே செல்லச் செல்ல அவை குறைந்து, அவுஸ்திரேலியாவுக்குரிய கொண்டைக்கிளிகள் முதலியன தோன்றுகின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைக் கண்டு கூறிய அல்பிரட் ரசல் வலசின் பெயரால் அவ்வெல்லை இன்றும் வழங்குகின்றது. மக்கினன், பிலிப்ஸ் இருவரும் 1993இல் வெளியிட்ட நூல் போர்னியோ, சுமாத்திரா, யாவா, பாலி என்பவற்றோடு நின்றுவிடும். அதனைக் கொண்டு கிழக்கே சுலாவெசி செல்லுதல் பயனற்றது. ஈற்றன் முதலியோர் 2016இல் வெளியிட்ட நூல் இருபுறத்தையும் ஒருங்கே அடக்குகின்றது. எனினும் அதுவும் பப்புவாவுக்கு உதவாது. இவ்வாறே மார்க் பிறேசில் 2009இல் வெளியிட்ட கிழக்காசிய நூல் யப்பான், கொரியா, தாய்வான் ஆகியவற்றுக்குப் பொருந்தும். சீனத்திலோ அதன் கிழக்குப் பகுதியையே கூறும். ஆதலின் நூலின் தலைப்பை மட்டும் நோக்காது, உள்ளே தரப்பட்ட எல்லைப் படத்தையும் நோக்குதல் வேண்டும்.

பரந்த நிலத்துக்குரிய நூலைவிட ஒடுங்கிய நிலத்துக்குரிய நூல் பெரும்பாலும் நன்று. தென்னாசியா முழுவதிலும் ஏறத்தாழ 1300 இனங்கள் உள்ளன. இலங்கைக்குள் மட்டும் உலாவும் ஒருவர் அத்தனையையும் புரட்டினால், இங்கு ஒருபோதும் வாராத இமயமலைப் பறவையின் பெயரை நம் குளக்கரைப் பறவைக்குச் சூட்டிவிடுதல் எளிது. ஆயின் இந்தியாவிலும் நேபாளத்திலும் பல இடங்களுக்குச் செல்வோர் மாகாணந்தோறும் ஒரு நூல் சுமத்தல் இயலாது. அவர்க்குக் கிரிமெற், இன்ஸ்கிப் ஆகியோரின் இந்திய உபகண்ட நூல் தகுதியானது. 1998இல் வெளிவந்த அதன் முதல்வடிவம் மேசைக்குரிய பெருநூல். அடுத்த ஆண்டு வெளிவந்த சிறுவடிவமே பைக்குரியது. றஸ்முசன், அண்டேட்டன் இருவரும் 2005இல் வெளியிட்ட தென்னாசிய நூல் இரண்டு பாகங்களையுடையது. பறவைக் குரலின் ஒலிவரைபடங்களும் அதிலுண்டு. ஐயம் தீர்ப்பதற்கு அஃது அரிய துணை. ஆனால் இரண்டாம் பாகத்தை வீட்டில் விட்டுச் செல்வதே அறிவுடைமை.

அடுத்து நூலின் அமைப்பை நோக்குக. படமும் விளக்கமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த நூலே வயல்வெளிக்கு ஏற்றது. பறவை ஒரு கணத்திற் பறந்துவிடும். படம் ஓரிடத்தும் விளக்கம் வேறோரிடத்தும் இருப்பின் தேடுவதிலேயே பொழுது கழியும். கிங், டிக்கின்சன், வூட்கொக் ஆகியோரின் தென்கிழக்காசிய நூல் 1975இல் வெளிவந்து நெடுங்காலம் பயணிகளுக்கு வழிகாட்டியது. ஆயினும் எல்லாப் பறவைகளுக்கும் அதில் படமில்லை. ஒளிப்படத்தினும் ஓவியமே இதற்குச் சிறந்தது. ஒளிப்படம் ஒரு பறவையை ஒரு வேளையில், ஒரு வெயிலிற் காட்டும். ஓவியரோ ஒத்த பறவைகளை ஒரே நிலையில், ஒரே அளவுத் திட்டத்தில் வரைந்து வேற்றுமையைப் புலப்படுத்துவார்.

ஆண், பெண், குஞ்சு என்பவற்றோடு பருவந்தோறும் மாறும் இறகுக்கோலமும் காட்டப்பட்டுள்ளதா என்பதையும் பார்த்தல் வேண்டும். வடதுருவத்தையண்டிய நிலங்களிற் குஞ்சு பொரித்து, மாரிக்காலத்தை நம் கடனீரேரிகளிற் கழிக்கும் கரைப்பறவைகள் பல. அங்கே செங்கல் நிறங்கொண்டு விளங்கும் வளைந்த அலகு உள்ளான் இங்கு வரும்போது சாம்பல் நிறத்ததாய் இருக்கும். ஐரோப்பியர் தம் நாட்டுக்கென எழுதிய நூல் முன்னைய கோலத்தையே பெரிதாய்க் காட்டினால் நமக்கு யாது பயன்?

பறவையின் நீளத்தைச் சென்ரிமீற்றரில் தருதல் வழக்கம். அலகின் நுனிமுதல் வாலின் நுனிவரை அளந்த அளவு அது என்பதை மறத்தலாகாது. நெடுவாலுடைய சிறுபறவை எண்ணளவிற் பெரிதாய்த் தோன்றும்.

இவ்வளவும் நோக்கியபின்னும் ஐயம் எஞ்சுமாயின் ஓர் எளிய சோதனை உண்டு. நீங்கள் நன்கறிந்த பறவையை நூலிலே தேடுங்கள். குயிலின் ஆண் கரியது; பெண் புள்ளிகளையுடைய கபில நிறத்தது. இரண்டும் காட்டப்பட்டுள்ளனவா? ஐரோப்பா முதல் யப்பான் வரை வாழ்வதும் நம் குளக்கரையில் உள்ளதுமான சிறு நீல மீன்கொத்தியிற் பெண்ணின் கீழலகு செந்நிறமானது. அது குறிக்கப்பட்டுள்ளதா? இலங்கையையும் அடக்கும் நூலாயின் மரங்கொத்தியைப் பாருங்கள். நம் பனந்தோப்புகளில் வாழ்வது பொன்முதுகு மரங்கொத்தி. அதன் அறிவியற் பெயரின் ஈற்றில் யாழ்ப்பாணத்தின் பெயரே நிற்கின்றது. தெற்கே வாழ்வது செம்முதுகு மரங்கொத்தி. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டி வாழிடத்தையும் குறிக்கும் நூலை நம்பலாம். அறிந்த பறவையைப் பிழையாகக் காட்டும் நூல் அறியாத பறவையைச் சரியாகக் காட்டும் என எதிர்பார்த்தல் எங்ஙனம்?

இம்மரங்கொத்தி மற்றுமோர் உண்மையையும் கற்பிக்கின்றது. ஹென்றியின் நூல் பொன்முதுகையும் செம்முதுகையும் ஒரே இனத்தின் இரு கிளைகளாகக் கொண்டது. இன்றைய நூல்கள் வெவ்வேறு இனங்களாகக் கொள்கின்றன. பெயர்கள் மாறுகின்றன, புதிய இனங்களும் வெளிப்படுகின்றன. 2001இல் தீபால் வரக்காகொட இலங்கையின் ஈரவலயக் காட்டிற் கண்ட சிற்றாந்தை 2004இற் புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1999இல் வெளிவந்த ஹரிசனின் இலங்கைப் பறவை நூலின் முதற்பதிப்பில் அதற்கு இடமிருத்தல் இயலாது. ஆதலின் பதிப்பாண்டை நோக்கியே வாங்குக. பழைய நூல்களை எறிந்துவிடவும் வேண்டா. பறவையின் நடத்தையை ஹென்றி விவரிக்கும் பொறுமையை இன்றைய சுருக்கநூல்களிற் காண்டல் அரிது.

கைத்தொலைபேசியிருக்க நூல் எதற்கு என இளைஞர் வினவுவர். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வுகூடம் இலவசமாய் வழங்கும் 'மேர்லின்' செயலி குரலைக் கேட்டே பெயர் கூறும். அது வியத்தகு கருவிதான். செல்லுமிடத்துக்குரிய தொகுதியை முன்னரே இறக்கிவைத்துக்கொள்க. ஆயின் செயலி தருவது விடை. விடைக்குரிய காரணத்தைக் கற்பிப்பது, ஒத்த பறவைகளை அருகருகே வைத்துக் காட்டும் நூற்பக்கமே. முதலில் நூலைப் பார்த்துத் தாமே ஒரு முடிவுக்கு வந்து, பின்னர்ச் செயலியைக் கேட்போர் நாளடைவில் இரண்டுமின்றியே அறியும் ஆற்றல் பெறுவர்.

தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு எனச் சிலர் கருதலாம். 1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போர்க்காலத்தில் வடபகுதிக்கு வந்து பறவைகளைக் கணக்கிட்டோர் மிகச் சிலரே. 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்ட மன்னார் வங்காலையும், நம் கடனீரேரிகளும் குளங்களும் கண்ணுள்ள மாணவரின் குறிப்பேடுகளை எதிர்நோக்கியிருக்கின்றன. பிழையான நூலாற் பிழையான பெயரெழுதிய குறிப்பு, குறிப்பில்லாமையினும் தீது. மேலும், நாம் புலுனி என்பதைத் தமிழகத்தார் தவிட்டுக்குருவி என்பர். இத்தகைய ஊர்வழக்குப் பெயர்களை முதியோர் வாயிலிருந்து கேட்டு, நூலின் படத்தருகே எழுதிவைப்பார் இல்லையாயின் அன்றிலுக்கு நேர்ந்ததே புலுனிக்கும் நேரும்.

ஆகவே, கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் வாழும் நாட்டுக்குரிய நல்ல கைந்நூல் ஒன்றைத் தேர்ந்து வாங்குங்கள். அங்கு கண்ட பறவைகளுள் நம் ஊரிலும் உள்ளவற்றின் பக்கத்தில், தாங்கள் சிறுவயதில் வழங்கிய தமிழ்ப் பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். விடுமுறைக்கு வரும்போது அந்நூலைக் கல்லூரி நூலகத்தில் வைத்துச் செல்லுங்கள். ஓரிரு ஆண்டு தங்கள் கையிற் பழகிய நூல், புதிதாக வாங்கி அடுக்கிய நூலினும் நம் மாணவர்க்குப் பயன்படும்.